அவள் வழுக்கி விழவில்லை

குமரேசா,

நீ அனுப்பிய வக்கீல் திருப்பத்தூருக்கே வந்து, உன் அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினார். "அம்மா, வியாழக்கிழமை கோர்ட்ல உங்கள ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. மருமவளுக்கு எப்படி அடிபட்டுதுன்னா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க. மத்தது இன்னா கேட்டாலும் வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லன்னுடுங்க. அவ்ளோதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயுசில் முதல் முறையாக ஒருவர் என்னை மறந்துவிடச் சொல்லிக் கேட்கிறார். என் கல்யாணப் பந்தியில் என் அம்மாவின் இலையைத் தாண்டிப் போய் அடுத்த இலைக்கு அப்பளம் வைத்தவளின் பெயர் எனக்கு இன்னும் தெரியும். அவள் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது, எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் போன ஆடி மாதத்தை மறந்துவிடு என்கிறார்.

வக்கீலிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அதைக் கேட்க வேண்டியவன் நீதான். கூண்டில் ஏறி நான் உள்ளதைத்தான் சொல்லப் போகிறேன். ரேவதி வழுக்கி விழவில்லை. கட்டின பொண்டாட்டியைப் பெல்ட்டால் அடித்தாய், காலால் உதைத்தாய், நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்று எழுதுகிறேன். ஐந்தாவதுவரை படித்தவள், நாலு நாளாக எழுதுகிறேன். கவரை ஒட்டப் போவதில்லை. உன் கம்பெனிக்காரர்கள், நம்ம தெருக்காரர்கள் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர்கள் படிக்க வேண்டியதும் இதில் இருக்கிறது.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளையில் என் மடியில் படுத்துக்கொண்டு, என் தொப்புளுக்குக் கீழே இருக்கும் மூன்று தடிப்பான கோடுகளை விரலால் தடவி, "இது இன்னாம்மா?" என்று கேட்பாய். "நீ பொறக்கும்போது கிழிச்சாங்கடா" என்பேன். பொய். நீயும் உன் அக்காவும் பிறந்தது சுகப் பிரசவம். கல்யாணமாகி ஐந்து வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. உன் அப்பாவின் அம்மா என்னை வேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளிடம் கூட்டிப் போனாள். அவன் கம்பியை அடுப்பில் காய்ச்சி வயிற்றில் மூன்று சூடு வைத்தான். உன் அப்பா என் இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கிழவி என் கைமேல் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கத்தாதடி, கத்துனா கரு தங்காது" என்றாள். நான் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் பல் உள்ளே இறங்கிவிட்டது. சதை தீய்கிற வாசனை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அது என் வாசனை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, கிழவிக்குக் கிடைத்தது. அவள் செத்த அன்றைக்கு என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா தோல் ஷாப்பில், பச்சைத் தோலை ஊறப் போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். முழங்கால்வரை வெந்த கால். அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து என் முதுகில் இறக்குவார். நான் அதை வெளியே எப்படிச் சொன்னேன் தெரியுமா? "எங்கூட்டுக்காரரு அடிப்பாரு, ஆனா முகத்துல அடிக்க மாட்டாரு." குழாயடியில் நின்று பெருமையாகச் சொன்னேன். நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய். ஆறு வயசு உனக்கு. ஆம்பளை அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அந்த முறைப்படி அடித்தால் தப்பில்லை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இப்போது ரேவதி கதைக்கு வருகிறேன். கல்யாணமாகி நாலாவது வருஷம் நீங்கள் வேலூரில் அந்தப் பெரிய டாக்டரம்மாவிடம் போனீர்கள். இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அந்தம்மா எழுதிக் கொடுத்தது. நீ எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு லீவு இல்லை, நாளைக்கு ஷிப்மெண்ட் என்று தள்ளினாய். ஒரு நாள் ரேவதி விடாமல் கேட்டபோது பதில் சொன்னது நீயில்லை, நான். "எங்க வம்சத்துல ஆம்பளைக்கு ஒரு கொறையும் கெடையாது. கொற இருக்கிறது உங்கிட்டதான், நீ பாத்துக்கோ" என்றேன். உன் அப்பாவுக்கும் யாரும் எந்த டெஸ்டும் எடுக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருஷம் பிள்ளை இல்லாமல் சூடு வாங்கியவள் நான். எனக்கே தோன்றவில்லை.

அப்புறம் ஊசி. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, வயிற்றில். முட்டை வளர்வதற்கு ஹார்மோன் ஊசி. முதல் நாள் ரேவதி உன்னைப் போடச் சொன்னாள். "எனக்கு ரத்தம் பாத்தா ஆவாது" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அவளே வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொண்டாள். மறுநாள் காலை ஏழரைக்குக் கம்பெனி வேனில் ஏறி, நாள் முழுக்கத் தையல் மிஷினில் ஷூ மேல்தோல் தைத்துவிட்டு வந்து, மறுபடியும் குத்திக்கொண்டாள். தலை சுற்றும், வாந்தி வரும், உடம்பெல்லாம் அனல் மாதிரி ஏறும். காரணமில்லாமல் அழுவாள், அழுகை ஓய்ந்ததும் அவளே சிரிப்பாள். "அத்த, இங்க பாருங்களேன். எங்க செக்‌ஷன்ல ஓட்ட போட்ட லெதர் மாதிரியே ஆயிட்டேன். இன்ஸ்பெக்ஷன்ல என்னை ரிஜக்ட் பண்ணிடுவாங்க" என்று நீலம் நீலமாகப் புள்ளி விழுந்த வயிற்றைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் செல்லம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த முதல் தடவை மருந்து அதிகமாக வேலை செய்து வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விட முடியாமல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ ஒரு நாள் வந்தாய். அதுவும் வந்த காலோடு கிளம்பிவிட்டாய்.

இரண்டாவது தடவை ஆடியில் ஆரம்பித்தார்கள். ஊசி வாங்கப் போன அன்றைக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் பெண் ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்து, "ஃப்ரிட்ஜ்லயே இருக்கணும் ஆயா, சூடு பட்டா வீணாப் போய்டும்" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதெல்லாம் எதுலேர்ந்துமா செய்றாங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "சொன்னா முகம் சுளிப்பீங்க. இதுல ஒரு ஊசி, மாசவிலக்கு நின்னுபோன அம்மாங்களோட மூத்திரத்துலேர்ந்து எடுக்கிறது. உங்கள மாதிரி இருக்கறவங்க கிட்டேர்ந்துதான்" என்றாள். ரேவதி என்னைப் பார்த்து, "பாத்தீங்களா அத்த, நீங்களே குடுத்திருக்கலாம், வேலூர் வரைக்கும் வந்திருக்க வேணாம்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டப்பாவை நான் வாங்கவில்லை, ரேவதியையே தூக்கி வரச் சொன்னேன்.

அந்த வாரம்தான் நம் தெரு அம்மன் கோயிலில் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டியதிலிருந்து கூழ் ஊற்றும்வரை வீடு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். கவிச்சி கிடையாது, தீட்டுத் துணி கிடையாது. ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் மாவிளக்குக்கு இடித்த மாவு, கூழுக்கு எடுத்து வைத்த தயிர். கதவுத் தட்டில் அந்த ஊசி டப்பா. யாரோ ஒருத்தியின் மூத்திரம் அம்மன் மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்குத் தூக்கமே இல்லை. அம்மன் கண்ணைக் குத்திவிடுவாள், அதனால்தான் போன தடவையும் பலிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரேவதி வேனில் ஏறியதும் டப்பாவை எடுத்து, சமையல் ரூம் பரண்மேல், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக் கூரைக்குக் கீழே வைத்தேன். நம்ம ஆம்பூரில் ஆடி மாதத்து மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழே கையை நீட்டினாலே சுடும். சாயங்காலம் அவள் வருவதற்கு முன்னால் டப்பாவை இறக்கி மறுபடியும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன், அவள் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும் அல்லவா? கூழ் ஊற்றும்வரை ஆறு நாள் இப்படிச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெரியாமல் செய்கிறவள் திருப்பி எடுத்து வைக்க மாட்டாள்.

ஊசி ஆரம்பித்த ஒன்பதாம் நாள் ஸ்கேன். உனக்கு வேலை, நான்தான் போனேன். முட்டை வளரவே இல்லை, இந்தத் தடவை நிறுத்திவிடலாம் என்றது டாக்டரம்மா. ரேவதி படுத்தபடியே, "எப்படி டாக்டர்? ஒரு நாள் கூட டைம் தவறலயே" என்றாள். "ஊசியை எங்கம்மா வெச்சிருந்தே?" "ஃப்ரிட்ஜ்லதான் டாக்டர். வேணும்னா எங்க அத்தைய கேளுங்க." டாக்டரம்மா என்னைப் பார்த்தது. ரேவதியும் என்னைப் பார்த்தாள். என் கையில் அவள் செருப்பும் பையும் இருந்தன. "ஆமாம்மா, ஃப்ரிட்ஜ்லதான்" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வந்தாய். விஷயத்தைக் கேட்டதும், "ஓவர் டைம் ஓவர் டைம்னு ஓடிட்டு ஊசியே போட்டிருக்க மாட்டா" என்றாய். "எண்ணிப் பாருங்க, காலி பாட்டில் எல்லாம் இருக்கு" என்றாள் அவள். "காலி பாட்டில் எதுக்குடி எனக்கு? காலி வயிறு மாதிரியே." "அப்ப நீங்க போய் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, எது காலின்னு பாப்போம்." அவ்வளவுதான். நீ கதவைச் சாத்தினாய். பெல்ட்டை உருவி, தோல் பக்கத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கிள் பக்கத்தால் அடித்தாய். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில், ரவிக்கை கிழிந்தது. மூன்றாவதுக்கு அவள் கையை நீட்டித் தடுத்தாள், மணிக்கட்டில் எலும்பு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. முறுக்கு உடைகிற சத்தம். கீழே விழுந்தவளை, ஊசி குத்திக் குத்தி நீலம் பாய்ந்த அந்த வயிற்றிலேயே செருப்புக் காலால் உதைத்தாய். அப்போது நான் வாயைத் திறந்தேன். விடுடா என்று சொல்லவில்லை. ஊசியைக் கெடுத்தது நான் என்று சொல்லவில்லை. "முகத்துல அடிக்காதடா, நாளைக்குக் கம்பெனிக்குப் போவணும் அவ" என்றேன்.

நீ என் பேச்சைக் கேட்டாய். முகத்துக்கு ஓங்கியதைப் பக்கவாட்டில் திருப்பினாய். பக்கிள் இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்து வழியாகத் தாலியில் ஒழுகியது.

பக்கத்து வீட்டு ஷமீம், "டேய் குமரேசா, தெறடா கதவ! தெறக்கறியா, ஒடைக்கட்டுமா?" என்று கத்தினாள். நீ திறக்கவில்லை. அவள் குழவிக் கல்லைத் தூக்கி வந்து இடித்தாள், நாலாவது இடியில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டே உன்னைப் பார்த்து, "இன்னும் ஒரு அடி வெய்யி பாப்போம்" என்றாள். பெல்ட்டைக் கீழே போட்டாய். உன் வீரம் அவ்வளவுதான், அதையும் கூண்டில் சொல்வேன். ஷமீம் ரேவதியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க நின்னுட்டுதான் இருந்தீங்களா ஆயா?" என்றாள். அவளோடு எனக்குக் குழாய்த் தண்ணீர் விஷயமாகப் பத்து வருஷப் பகை. அன்றைக்கு அந்தப் பகையை நானே விட்டுவிட்டேன். வைத்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை.

போன மாதம் குடியாத்தம் போனேன். ரேவதி அங்கேதான் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். வீட்டைச் சுற்றி விசைத்தறி ஓடுகிறது, ஒரே இரைச்சல். அவள் கட்டிலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிமிராமல் நறுக்கிக்கொண்டே இருந்தாள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பரண், டப்பா, ஆறு நாள், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், கோர்ட்டில் உள்ளதைச் சொல்லப் போவது, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் நிமிர்ந்து, "அத்த, அந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றாள். எழுந்து கட்டிலைச் சுற்றிப் போய் அடுத்த பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். ஒரு தடவை சொல்வதே சாவு. பாதி சொல்லும்போதே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். முடித்ததும் என் கன்னத்தில் அறைந்தாள். பல் ஆடியது. அவள் அம்மா ஓடி வந்து, "ஏய், பெரியவங்கடி" என்று பிடித்துக்கொண்டாள். "விடும்மா, அது எங்க கணக்கு" என்றேன் நான்.

"சாட்சி சொல்லப் போறேன்னு சொல்லிட்டு மன்னிப்பு கேக்க வந்தீங்களா?" என்றாள் ரேவதி. "மன்னிக்கச் சொல்லி வரலம்மா. கோர்ட்ல நாலு பேரு முன்னாடி நீ மொதல்ல கேக்கக் கூடாதுன்னு வந்தேன்." "மன்னிக்க மாட்டேன்." "மன்னிக்காத." அவள் பகை வைக்கட்டும். பகை வைப்பதில் என்ன பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்படியே வேலூர் ஆஸ்பத்திரிக்கும் போனேன். அந்த நர்ஸ் பெண்ணிடம், நான் சூட்டில் வைத்ததால்தான் முட்டை வளராமல் போனதா என்று கேட்டேன். அவளுக்கு முகம் செத்துப் போய்விட்டது. "இருக்கலாம் ஆயா. சில சமயம் மருந்து நல்லா இருந்தாலும் உடம்பு கேக்காது. இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். எனக்கு அது ஆறுதல் இல்லை. ஊசி கெட்டதா இல்லையா என்பது எந்த நாளும் தெரியப் போவதில்லை. அடித்தது தெரியும். வக்கீல் வந்து உட்கார்ந்து மறக்கச் சொல்வது தெரிந்ததைத்தான்.

உனக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று உன் அக்கா சொன்னாள். முதல்காரிக்கு என்ன என்று கேட்டால், வைத்தியத்தை ஒழுங்காகச் செய்துகொள்ளவில்லை என்று சொல்கிறாயாம். அந்தப் பெண் வீட்டுக்காரர்களும் வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வருகிறார்கள். நான்தான் ஆள் விட்டு வரச் சொன்னேன். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஐந்து வருஷம் உதையும் சூடும் வாங்கி உன் அக்காளைப் பெற்றேன், அதற்கும் பெண் என்று ஏச்சு வாங்கினேன், அப்புறம் நீ வந்தாய். உன்னை யார் கையிலும் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீ என்ன செய்தாலும் சரி என்றேன். தரையில் விட்டிருந்தால் விழுந்து எழுந்து தெரிந்துகொண்டிருப்பாய். நீ அந்த டெஸ்டை எடுத்துக்கொள். பிள்ளைக்காகச் சொல்லவில்லை. ஒரு பெண் இரண்டு தடவை உடம்பெல்லாம் ஓட்டை போட்டுக்கொண்டாளே, அது யார் குறைக்காக என்று ஒரு தாளில் எழுதி உன் கையில் கொடுப்பார்கள். அதை நீ நின்று படிக்க வேண்டும்.

உன்னை உள்ளே வைத்தார்கள் என்றால் நான் பார்க்க வருவேன். வந்து எதிரில் உட்காருவேன். ஜாமீனுக்கு யாரையும் கெஞ்ச மாட்டேன். என் பங்குக்கும் என்னைக் கேட்கச் சொல்லி ஜட்ஜிடம் சொல்லப் போகிறேன். அந்த ஊசிக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறதோ, அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

பத்து மணிக்கே கூப்பிட்டுவிடுவார்களாம். வரும்போது வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. நான் ஒன்று விடாமல் சொல்வேன், சாயங்காலம் ஆகிவிடும்.

அம்மா